கடலடிக் கண்டங்களும் நம் காலடிக் கண்டமும்

பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு பயின்றபோது, தமிழ்மொழிக் கழகத்தின் பேச்சுப் போட்டியில் ‘கடல்கொண்ட குமரிக்கண்டம்’ என்ற தலைப்பில் பேசினேன். ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை நீண்டு கிடந்த தமிழ் நிலம், அதை விழுங்கிய ஆழி, அதற்குச் சான்று பகரும் மேனாட்டு அறிஞர் என்று அடுக்கினேன். கைத்தட்டலுக்குக் குறைவில்லை. மேடையை விட்டு இறங்கியதும் நிலவியல் துறையில் பயின்ற மூத்த மாணவி ஒருவர் அருகில் வந்தார்.

“நல்லா பேசினீங்க தம்பி. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் கண்டம் என்ன கல்லு?”

எனக்குக் கேள்வியே புரியவில்லை. “கல்லா? எந்தக் கல்லா இருந்தா என்ன அக்கா?” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “அதுலதான் எல்லாமே இருக்கு” என்று சொல்லிப் போய்விட்டார். அன்று கிடைத்த இரண்டாம் பரிசுக் கோப்பை எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தக் கேள்வி மட்டும் கூடவே வந்தது. அதற்கு இப்போது என்னால் தர முடிந்த விடையே இக்கட்டுரை.

கல்லிலே இரு சாதி

நாம் வாழும் புவியின் மேலோடு ஒரே பொருளால் ஆனதன்று. கண்டங்களின் அடியில் இருப்பது பெரும்பாலும் கருங்கல்லும் அதன் உறவுக் கற்களும். இவை எடை குறைந்தவை. நீரைப் போல் ஏறத்தாழ 2.7 மடங்கு அடர்த்தி கொண்டவை. பெருங்கடலின் அடியில் இருப்பதோ பசால்ட் எனப்படும் கறுத்த எரிமலைக் கல். அதன் அடர்த்தி 3 மடங்கு அளவு. கண்ட மேலோட்டின் தடிப்பு பொதுவாக 30 முதல் 45 கிலோமீட்டர். கடல் மேலோடு ஏறத்தாழ 7 கிலோமீட்டர்தான்.

தண்ணீரில் ஒரு தடித்த மரக்கட்டையையும் ஒரு மெல்லிய பலகையையும் மிதக்கவிட்டுப் பாருங்கள். கட்டை நீர்மட்டத்துக்கு மேல் நன்றாகத் தலைதூக்கி நிற்கும். பலகை நீரோடு நீராகக் கிடக்கும். மேலோடும் அவ்வாறே தனக்குக் கீழே உள்ள அடர்ந்த பாறைப் பகுதியின் மேல் மிதக்கிறது. கண்டங்கள் உயர்ந்து நிற்பதும் கடல்தளம் நான்கைந்து கிலோமீட்டர் ஆழத்தில் கிடப்பதும் இதனால்தான். ஆகவே, தடித்த கண்டம் ஒன்று கப்பல் மூழ்குவதுபோல் அடியோடு மூழ்கிக் காணாமல் போகாது. தன்னிலும் கனமான பொருளுக்குள் எப்படி மூழ்கும்?

ஆனால் கண்டம் மெலியலாம். மாமாக் கடையில் ரொட்டி சானாய் போடுபவர் மாவை வீசி விரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இழுக்க இழுக்க மாவு மெலிகிறது. சில வேளைகளில் கிழிந்து ஓரத்தில் ஒரு துண்டு தனியே போய்விடுகிறது. புவித்தட்டுகள் விலகும்போது கண்டத்துக்கும் இதே கதிதான். கிழிந்து பிரியும் சிறு துண்டுகளைக் குறுங்கண்டங்கள் என்கிறோம். மெலிந்த துண்டு ஆறி, தாழ்ந்து, நீருக்கடியில் போய்விடும். அப்போதும் அது சுற்றியுள்ள கடல்தளத்தைவிட உயர்ந்த மேடாகவே நிற்கும். கடல்மட்டத்தையும் ஈர்ப்புவிசையையும் அளக்கும் செயற்கைக்கோள்களின் பார்வைக்கு அத்தகைய மேடு தப்பாது.

தேவாங்கு கேட்ட கேள்வி

லெமூரியா என்ற பெயரை உண்டாக்கியவர் தமிழர் அல்லர், நிலவியலாளரும் அல்லர். பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1864-இல் அதை உண்டாக்கினார். லெமூர் என்னும் விலங்குகள் மடகாஸ்கரில் நிறைந்திருக்கின்றன. அவற்றின் உறவான தேவாங்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறது. நம் மலேசியக் காடுகளிலும் அதன் இனம் உண்டு. நடுவே இவ்வளவு பெரிய கடல் கிடக்க, இவை எப்படிப் பரவின? இடையில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். லெமூர் என்ற சொல்லுக்கு இலத்தீன் மூலத்தில் ஆவி என்று பொருள். கண்டமும் ஆவியாகவே திரிந்தது என்பது வேறு கதை.

அவர் காலத்துக்கு அது நேர்மையான ஊகமே. கண்டங்கள் நகரும் என்று ஆல்பிரட் வெகனர் சொன்னது 1912-இல். உலகம் அதை ஏற்றுக்கொண்டது, கடல்தளம் நடுவிலிருந்து விரிகிறது என்று 1960-களில் தெளிவான பிறகு. நிலம் மூழ்கவில்லை, பிரிந்து போயிற்று என்றானதும் லெமூரியாவுக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. லெமூர்களின் மூதாதையர் ஆப்பிரிக்காவிலிருந்து மிதந்துவந்த மரக்கூட்டங்களில் தொற்றிக்கொண்டு மடகாஸ்கரை அடைந்தன என்பதே இன்று வலுவான கருத்து.

ஸ்கிளேட்டரின் விடை தவறு. ஆனால் உயிரினங்களைக் கொண்டு பழைய நிலத் தொடர்பைத் தேடிய அவர் வழி வீண்போகவில்லை. 2003-இல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஊதா நிறத் தவளை ஒன்று புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் மண்ணுக்கடியில் வாழ்ந்து, மழைக்காலத்தில் சில நாள் மட்டும் இணைசேர வெளியே வரும் விந்தை உயிர் அது. அதன் மிக நெருங்கிய உறவினர் ஆசியாவில் எங்கும் இல்லை. செய்ஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள். உப்புநீர் தவளைக்கு நஞ்சு. அப்படியானால் உறவு எப்படி வந்தது?

செய்ஷெல்ஸ், மொரிஷியஸ்

பெருங்கடல் நடுவே உள்ள தீவுகள் பெரும்பாலும் எரிமலையால் ஆனவை அல்லது பவளத்தால் ஆனவை. செய்ஷெல்ஸின் மாஹே தீவோ கருங்கல். அதன் வயது ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகள். உலகின் பெருங்கடல் தளங்களில் பெரும்பாலானவை 18 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டவை என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடலைவிடப் பழைய தீவு! கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தில் இந்தியாவும் மடகாஸ்கரும் செய்ஷெல்ஸும் ஒட்டிக் கிடந்தன. (அந்தப் பெயரே நடு இந்தியாவின் கோண்டு மக்களின் நாட்டிலிருந்து வந்தது.) ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்தது. சுமார் 6.3 கோடி ஆண்டுகளுக்கு முன், தக்காணத்தை எரிமலைக் குழம்பு மூடிய காலத்தை ஒட்டி, செய்ஷெல்ஸும் கிழிந்து நின்றுவிட்டது. இந்தியா வடக்கே போயிற்று. தவளைக் குடும்பம் இரு கரைகளிலுமாகப் பிரிந்தது.

மொரிஷியஸின் கதை இன்னும் சுவையானது. ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து அச்சிடும் நாடு என்பதால் அந்தப் பெயர் நமக்குப் பழக்கம். அத்தீவு முழுக்க எரிமலையால் ஆனது; வெளியே தெரியும் அதன் மிகப் பழைய பாறைக்கும் வயது 90 இலட்சம் ஆண்டுகள்தான். 2013-இல் ஆய்வாளர்கள் அதன் கடற்கரை மணலிலிருந்து சிர்க்கான் என்னும் நுண்மணிகளைப் பிரித்தெடுத்தார்கள். சிர்க்கான் கருங்கல் போன்ற கற்களில்தான் பெரிதும் விளையும். தாய்ப்பாறை தேய்ந்து அழிந்தாலும் அது அழியாது. அதற்குள் சிக்கிய யுரேனியம் சீரான வேகத்தில் காரீயமாக மாறிக்கொண்டே இருப்பதால் அது ஒரு கடிகாரமும்கூட. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து அதைப் பிரித்தெடுக்கிறார்கள். நம் பேராக்கில், ஈயம் எடுத்த பின் மிஞ்சும் ‘ஆமாங்’ மணலிலும் அது உண்டு.

மொரிஷியஸ் மணலில் கிடைத்த மணிகள் காட்டிய வயது 66 கோடி முதல் 197 கோடி ஆண்டுகள் வரை. மகனைவிடப் பேரன் மூத்தவன் என்றால் நம்புவீர்களா? மறுப்பாளர்களும் நம்பவில்லை. மணல்தானே, காற்றும் கப்பலும் கொண்டுவந்து கொட்டியிருக்கலாமே என்றார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2017-இல் விடை வந்தது. இம்முறை மணல் இல்லை; தீவின் எரிமலைப் பாறையையே உடைத்து, அதற்குள் 13 சிர்க்கான் மணிகளைக் கண்டார்கள். அவற்றில் 10 மணிகள் பாறையின் வயதே கொண்டவை, சுமார் 57 இலட்சம் ஆண்டுகள். மீதி 3 மணிகளுக்கு வயது 250 முதல் 300 கோடி ஆண்டுகள். எரிமலைக் குழம்பு மேலே வரும் வழியில், அடியில் புதைந்து கிடந்த ஒரு பழைய கண்டத் துண்டைத் துளைத்து, அதன் துகள்களை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் இடையில் இருந்து சிதைந்த அந்தத் துண்டுக்கு மொரிஷியா என்று பெயரிட்டிருந்தார்கள்.

இச்செய்தி வந்தபோது எனக்கு எத்தனை நண்பர்கள் அனுப்பினார்கள் தெரியுமா? ‘லெமூரியா கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது’ என்ற தலைப்போடு. எனக்கும் ஒரு கணம் நெஞ்சு விம்மியது. ஆனால் கணக்கைப் பாருங்கள். மொரிஷியா கிழிந்து சிதறியது ஏறத்தாழ 8 கோடி முதல் 6 கோடி ஆண்டுகளுக்கு முன். நம்மைப் போன்ற மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகளுக்கே வயது சுமார் 3 இலட்சம் ஆண்டுகள். மொரிஷியா உடைந்தபோது நிலத்தில் நடந்தவை டைனோசர்கள். அங்கே தமிழும் இல்லை, கேட்கக் காதும் இல்லை.

பதினாறில் ஒரு பங்கு மட்டும்

உண்மையிலேயே கண்டம் என்று சொல்லத்தக்க அளவில் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. அது நமக்குத் தென்கிழக்கே, நியூசிலாந்தில். அத்தீவுகளைச் சுற்றி 49 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கண்ட மேலோடு பரந்துள்ளது. இந்திய நாட்டின் பரப்பைப் போல் ஒன்றரை மடங்கு! அதில் 94 விழுக்காடு நீருக்கடியில். நியூசிலாந்தும் நியூ கலிடோனியாவும் அதன் தலைகள் மட்டுமே. சீலாந்தியா என்று 1995-இல் பெயர் சூட்டப்பட்டது; அதைத் தனிக் கண்டமாகவே எண்ண வேண்டும் என்று 2017-இல் நிலவியலாளர் குழு ஒன்று வாதிட்டது. அதே ஆண்டில் துளையிடும் கப்பல் ஒன்று அங்கே ஆறு இடங்களில் கடலடியைத் துளைத்து மாதிரிகள் எடுத்துவந்தது.

சீலாந்தியாவின் மேலோடு 10 முதல் 30 கிலோமீட்டர்வரை மெலிந்துவிட்டது. கோண்டுவானாவிலிருந்து ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகளுக்கு முன் இழுபட்டுப் பிரிந்த ரொட்டி மாவு அது. மெலிந்தும் மறையவில்லை, சுற்றுக் கடல்தளத்துக்கு மேல் தெளிவான மேடாகக் கிடக்கிறது. கண்டம் மூழ்கினால் எப்படி இருக்கும் என்பதற்கு இதுவே நாம் பார்த்துக்கொள்ள வேண்டிய மாதிரி. கன்னியாகுமரிக்குத் தெற்கே கண்டத்திட்டைத் தாண்டியதும் இப்படிப்பட்ட மேடு இல்லை. கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் இறங்கி, பசால்ட் தளத்துக்குப் போய்விடுகிறது. மூத்த மாணவியின் கேள்விக்கு விடை இதுதான்: அங்கே கண்டத்துக்குரிய கல் இல்லை.

(நியூசிலாந்தில் தமிழருக்கு வேறு ஒரு சான்று உண்டு. தமிழ் எழுத்துப் பொறித்த வெண்கலக் கப்பல் மணி ஒன்று 19-ஆம் நூற்றாண்டில் அங்கே மாவோரி மக்களிடம் கிடைத்தது. இன்று அருங்காட்சியகத்தில் உள்ளது. அது கண்டம் வழியாக வந்ததன்று, கப்பல் வழியாக வந்தது.)

கேர்கலன் மேட்டையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தென் இந்தியப் பெருங்கடலில் உள்ள அப்பெருமேடு பெரும்பாலும் எரிமலையால் ஆனது. ஆயினும் 1998-1999-இல் அதன் ஒரு பகுதியைத் துளைத்தபோது கண்டத்துக்குரிய பாறைக் கூழாங்கற்கள் கிடைத்தன. அதுவும் கோண்டுவானாவின் ஒரு சிதறல்தான்.

கடல்கோள் பொய்யா?

இல்லை. இங்கேதான் நாம் இரண்டு வெவ்வேறு செய்திகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களையும் கடல்கொண்டதையும் சொல்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே 700 காவதம் என்றும், 49 நாடுகள் என்றும் கணக்குச் சொல்கிறார். நாடு என்றார்கள், ஆறு என்றார்கள், மலை என்றார்கள். ஆப்பிரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் இணைத்த கண்டம் என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை. அதை ஒட்டுப் போட்டது 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகு வந்தவர்கள். ஸ்கிளேட்டரின் விலங்கியல் ஊகத்தை எடுத்து உரையாசிரியர்களின் தலையில் கட்டினோம். விஞ்ஞானம் ஸ்கிளேட்டரைக் கைவிட்டபோது, பாவம், உரையாசிரியர்களும் பொய்யர்கள் போல் ஆகிவிட்டார்கள். இதுதான் எனக்கு வருத்தம். மேடையில் அன்று நான் தமிழுக்குச் செய்ததும் அதுதான்.

கடல் நிலத்தைக் கொள்வதற்குக் கண்டம் மூழ்க வேண்டியதில்லை. கடல் ஏறினால் போதும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை மிகவும் ஆழம் குறைந்தது. அன்று இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலம். மன்னார் வளைகுடாவின் ஓரங்களும் குமரிமுனைக்குத் தெற்கே சில பத்துக் கிலோமீட்டர்களும் வெளியே தெரிந்தன. பிறகு பனி உருகிற்று. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன் சில நூற்றாண்டுகளுக்குள் கடல் பத்து மீட்டருக்கும் மேல் ஏறியது. தட்டையான கரையில் பத்து மீட்டர் என்பது ஊர் ஊராக உள்ளே வருவதற்குப் போதும். ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்வரை இந்த ஏற்றம் ஓயவில்லை. அந்த நினைவு தலைமுறை தலைமுறையாக வந்து உரையில் புகுந்ததா என்பதை இலக்கிய மாணவர்கள் வாதிடட்டும். மனிதர் கண்முன் கரை பறிபோனது என்பதில் ஐயமில்லை.

இதன் மிகப் பெரிய எடுத்துக்காட்டு நம் வாசலிலேயே இருக்கிறது. அன்று மலாக்கா நீரிணை இல்லை. தீபகற்ப மலேசியாவும் சுமத்திராவும் ஜாவாவும் போர்னியோவும் ஒன்றாகச் சேர்ந்து சுண்டா நிலமாகக் கிடந்தன. சிங்கப்பூரிலிருந்து கூச்சிங்குக்குக் கால் நனையாமல், இல்லை, நடுவே உள்ள ஆறுகளைத் தாண்டும்போது மட்டும் நனைந்து, நடந்து போகலாம். அந்த ஆறுகளின் பள்ளத்தாக்குகள் இன்றும் தென்சீனக் கடலின் அடியில் வரைபடமாகத் தெரிகின்றன. சுண்டா மூழ்கிய கண்டமன்று. தண்ணீர் ஏறி நனைந்த கண்டம். அடியில் கண்டத்துக்குரிய கல் அப்படியே இருக்கிறது.

நம் காலடியில் ஒன்று

அப்படியானால் கோண்டுவானாவிலிருந்து பிரிந்த குறுங்கண்டம் ஒன்றை நாம் தொட்டுப் பார்க்க முடியாதா என்று கேட்கலாம். தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறியவர்கள் அனைவரும் தொட்டிருக்கிறார்கள்.

பத்துமலைச் சுண்ணக்கல் சிலூரியக் காலத்தது. 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஆழமற்ற கடலின் அடியில் படிந்தது. அந்தக் கடல் ஆசியாவில் இல்லை. வடமேற்கு ஆஸ்திரேலியாவை ஒட்டி, கோண்டுவானாவின் ஓரத்தில் இருந்தது. அந்த ஓரத்திலிருந்து பிரிந்து வந்த நீண்ட குறுங்கண்டத்துக்கு 1984-இல் இயன் மெட்கால்ஃப் என்ற நிலவியலாளர் சிபுமாசு என்று பெயர் வைத்தார். சியாம், பர்மா, மலாயா, சுமத்திரா ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கோத்த பெயர்.

அது தெற்கிலிருந்து வந்தது என்பதற்கு நல்ல சான்று லங்காவியில் இருக்கிறது. அங்குள்ள சிங்கா அடுக்குகளில், மென்மையான சேற்றுக்கல்லின் நடுவே சம்பந்தமில்லாமல் தனித்தனிக் கற்கள் பதிந்து கிடக்கின்றன. அமைதியான கடலடிச் சேற்றுக்குள் அக்கற்களை யார் போட்டார்கள்? மிதந்து வந்த பனிக்கட்டிகள் உருகியபோது கைவிட்டவை அவை. ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன் லங்காவிக் கடலில் பனிப்பாறை மிதந்தது என்றால் அன்று அது எங்கே இருந்திருக்கும்? தென்துருவப் பனிக்குக் கிட்டே, கோண்டுவானாவின் ஓரத்தில்தான்.

பிறகு சிபுமாசு பிரிந்து வடக்கே நகர்ந்தது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன் கிழக்கு மலாயா நிலத்தோடு மோதி ஒட்டிக்கொண்டது. அந்த மோதலில் அடியில் உருகி எழுந்ததுதான் தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் அக்கருங்கல்லின் கொடை. ஈயம் இல்லையேல் ஈப்போ இல்லை, முதல் இரயில் பாதைகள் இல்லை, அப்பாதைகளைப் போட வந்த நம் முன்னோரும் இல்லை. அவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியபோது, கோண்டுவானாவின் ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குத்தான் வந்தார்கள்.

சிங்கப்பூர் நண்பர்கள் பொறாமைப்பட வேண்டாம். உங்கள் புக்கிட் தீமா கருங்கல் ஒட்டிய கோட்டின் மறுபக்கத்தைச் சேர்ந்தது. அந்தக் கோட்டை நிலவியலாளர்கள் பெந்தோங்-ரவுப் தையல் என்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து கராக் நெடுஞ்சாலை வழியாகக் குவாந்தான் போகிறவர்கள் கெந்திங் மலையைத் தாண்டி இறங்கியதும் பெந்தோங் வட்டாரத்தில் அதைக் கடந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் உறங்கிக்கொண்டே. அங்கே மலையைக் குடைந்து சாலை போட்ட இடங்களில் மெல்லிய அடுக்குகளாகக் கெட்டியான ஒரு கல் தெரியும். ஆழ்கடலில் மிதந்து இறந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய கல் அது. மேற்கே இருப்பது ஒரு கண்டம், கிழக்கே இருப்பது வேறொரு நிலம். இரண்டுக்கும் நடுவே கிடந்த பெருங்கடலில் மிஞ்சியது அந்தச் சாலையோரக் கல்தான்.